தைராய்டு கண்ணா? ரெட்டினாவையும் பார்க்கச் சொல்லுங்கள்

தைராய்டு கண் நோய் வந்தவரைப் பார்த்தால் எல்லாருடைய கவனமும் முன்பக்கத்துக்குத்தான் போகும். விழி முன்னே தள்ளியிருக்கிறது, மேல் இமை ஏறிப்போயிருக்கிறது, யாரையோ முறைப்பது மாதிரி இருக்கிறது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்பது அதைத்தான், நோயாளி கண்ணாடி முன் நின்று வருத்தப்படுவதும் அதைத்தான். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற ரெட்டினாவையும் (விழித்திரை) அதன் ரத்தக்குழாய்களையும் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதிக்கிறவன். எழுத்துப் பலகை, கண் பிரஷர் கருவி, சொட்டு மருந்து என்று என் நாள் போகிறது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் அவசரமாகச் சொல்லி அனுப்புவதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். தைராய்டு கண் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரெட்டினா ரத்தக்குழாய் அடைப்பு வராது. அது அரிது. ஆனால் வந்தால் பார்வையை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. அதற்கு வழிவிடுகிற பிரஷர், சுகர், நாடித் துடிப்பு, கண் பிரஷர் எல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. அதனால்தான் மெனக்கெடச் சொல்கிறேன்.

பின்னால் என்ன நடக்கிறது

கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. விழிக்கே அதில் 7 மில்லி போய்விடும். மீதியில்தான் கண்ணைத் திருப்பும் தசைகள், கொழுப்பு, பார்வை நரம்பு, ரத்தக்குழாய்கள் எல்லாம் இருக்க வேண்டும். தைராய்டு கண்ணில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தத் தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது. எலும்பு விரியாது. அதனால் விழி முன்னே தள்ளுகிறது. தள்ள முடியாத அளவுக்கு இமை இறுக்கமாக இருந்தால் அழுத்தம் எல்லாம் பின்பக்கம் சேர்கிறது. இது முக்கியம். பார்ப்பதற்குக் கண் பெரிதாகத் தள்ளாத ஒருவருக்குப் பின்பக்கம் கடும் நெருக்கடி இருக்கலாம்.

ரத்தம் கண்ணுக்குள் வருவது தமனி வழியாக, வெளியே போவது சிரை வழியாக. தமனியின் சுவர் கெட்டி, சிரையின் சுவர் மெல்லிசு. நெருக்கினால் முதலில் அமுங்குவது சிரைதான். டிசம்பர் மழையில் வேளச்சேரித் தெருக்களில் நடப்பதுதான் அப்புறம் ரெட்டினாவிலும்: வருகிற தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வடிய வழியிருக்காது. சிரைகள் புடைத்து நெளிகின்றன, ரத்தம் கசிகிறது, நடுப்பார்வைக்கான மேக்குலாவில் நீர் கோக்கிறது. ஃபைலில் ‘சி.ஆர்.வி.ஓ.’ என்று எழுதியிருந்தால் ரெட்டினாவின் பிரதான சிரை அடைத்திருக்கிறது. ‘பி.ஆர்.வி.ஓ.’ என்றால் கிளைச் சிரை.

நெருக்கம் மட்டும் காரணமில்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதய அறையில் உறைந்த கட்டி கிளம்பிப்போய் ரெட்டினாத் தமனியில் சிக்கலாம். அதுதான் ‘சி.ஆர்.ஏ.ஓ.’. அதே கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். சரி, சிகிச்சை எடுத்து சுரப்பு குறைந்துவிட்டது, இனி நிம்மதி என்று இருந்தால், ரொம்பவும் குறைந்துபோனால் கொலஸ்டிரால் ஏறும், பிரஷரும் ஏறலாம். இரண்டு பக்கமும் இடி. தைராய்டு அளவு நடுவில் நிற்க வேண்டும்.

மருந்தும் தன் பங்குக்கு ஏதாவது செய்யும். ஸ்டீராய்டு சுகரையும் பிரஷரையும் கண் பிரஷரையும் ஏற்றும். சிலருக்கு ரெட்டினாவுக்கு அடியில் நீர் கோக்க வைக்கும். அதற்காக ஸ்டீராய்டே வேண்டாம் என்று ஓடாதீர்கள். தீவிரமாக வீங்கியிருக்கும் காலத்தில் பார்வையைக் காப்பாற்றுவதே பல சமயம் அதுதான். போட்டுக்கொள்ளுங்கள், கூடவே அளந்து பாருங்கள்.

காலையில் வீட்டில் பார்ப்பது

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ‘எனக்கு நன்றாகத் தெரிகிறது’ என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை. நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஒரு கண்ணில் பார்வை பாதியாகக் குறைந்ததை, வேறு எதற்கோ வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிய பிறகு கண்டுபிடிக்கிறவர்கள் ஏராளம்.

படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு உள்ளங்கையைக் குழித்து, விழியை அழுத்தாமல், ஒரு கண்ணை மூடுங்கள். சுவரில் இருக்கும் தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும் வரியை எப்போதும் நிற்கும் இடத்திலிருந்தே படியுங்கள். அப்புறம் மறு கண். நேற்றுப் படித்ததை இன்று படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்து ஜன்னல் கம்பி. நேராகத் தெரிகிறதா, நெளிகிறதா? கடைசியாக ஒரு குங்குமச் சிமிழைத் திறந்து இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மறு கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகவும் தெரிந்தால் அது பார்வை நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். பல் தேய்த்த கையோடு செய்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா வருவார். வாரா வாரம் ஸ்டீராய்டு ட்ரிப் போட்டுக்கொண்டிருந்த சமயம். “புள்ளியை நேராத்தான் வைக்கிறேன் சார், வரிசை நடுவுல குழியுது” என்றார். கோலத்தைச் சொல்கிறார். கூட வந்த மகன், “அம்மாவுக்கு வயசாகுது, கை நடுங்குது” என்றான். கை நடுங்கினால் எல்லாப் புள்ளியும் கோணும். நடு வரிசை மட்டும் குழியாது. எந்தக் கண்ணில் என்று கேட்டேன். அவர் மெல்ல இடது கண்ணை மூடினார், திறந்தார், வலதை மூடினார். “வலது கண்ணுல மட்டும்தான்.” ரெட்டினாவை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் வலது மேக்குலாவுக்கு அடியில் நீர் கோத்திருந்தது. ஸ்டீராய்டு அளவை டாக்டர்கள் கலந்து பேசி மாற்றினார்கள், நீர் வடிந்தது. தெருவில் கோலம் போடுகிறவர்களுக்குத் நெளிவைக் கண்டுபிடிக்கத் தனியாகக் கட்டம் போட்ட அட்டை தேவையே இல்லை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் போதும்.

எந்த மங்கலுக்கு எவ்வளவு அவசரம்

கண்ணைச் சிமிட்டினால் தெளிந்து, திரும்ப மங்கினால் அநேகமாக வறட்சி. இமை முழுதாக மூடாததால் வருவது. லூப்ரிகன்ட் சொட்டு மருந்தைத் தவறாமல் விடுங்கள். நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். ஏற்கெனவே காய்ந்து புண்பட்ட கருவிழியில் கிருமியை நாமே ஊற்றுவதாகிவிடும்.

இரண்டிரண்டாகத் தெரிகிறது, ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்றால் அது தசையின் வேலை. டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆனால் ரெட்டினா விஷயம் இல்லை.

கண் சிவந்தால் ஊரில் எல்லாரும் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி மருந்துக்கடைச் சொட்டு மருந்தை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மெட்ராஸ் ஐ என்றால் நீர் ஒழுகும், பீளை கட்டும், வீட்டில் இன்னொருவருக்கும் ஒட்டும், சில வாரங்களுக்குள் போய்விடும். தைராய்டு கண் சிவப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கும். காலையில் இமை அதிகமாக வீங்கியிருக்கும், பீளை இருக்காது, கண்ணைத் திருப்பும்போது வலிக்கும். அந்தச் சிவப்புக்குக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி நீங்களாகவே விட்டால் கண் பிரஷர்தான் ஏறும்.

இனிமேல் சொல்பவை அவசரமானவை. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் புகை மூட்டம், அல்லது மேல் பாதியோ கீழ் பாதியோ மங்கல், வலி கிடையாது என்றால் சிரை அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். வலி இல்லையே, ஞாயிற்றுக்கிழமை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ரெட்டினாவுக்கு வலி தெரியாது. வலி இல்லை என்பது இங்கே நல்ல செய்தியே இல்லை. நிறங்கள் மங்கி, பார்வை நாளுக்கு நாள் இறங்கினாலும் அதே அவசரம்தான், அது பார்வை நரம்பு நெருக்கம்.

சில விநாடிகளில் ஒரு கண் விளக்கை அணைத்த மாதிரி இருண்டால் தமனி அடைப்பு. நிமிஷக் கணக்கு. ரத்தம் நின்ற ரெட்டினா ஒன்றரை மணி நேரம்போலத் தாங்கும். நாலு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். இதற்குப் பக்கவாதச் சிகிச்சைக் குழு இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அல்ல. 108-ஐக் கூப்பிடுங்கள், ‘ஒரு கண் திடீரென்று இருண்டுவிட்டது’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். இருண்டு அஞ்சு நிமிஷத்தில் திரும்பிவிட்டாலும் போக வேண்டும். அது முன்னெச்சரிக்கை. எந்தக் கண் ஆஸ்பத்திரியில் ராத்திரியும் அவசரப் பிரிவு இருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே பக்கவாதச் சிகிச்சை இருக்கிறது என்பதைச் சும்மா இருக்கும்போதே விசாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

பின்பக்க நெருக்கத்தைக் குறைக்கக் கண்குழி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி திடீரென்று ஏறி, கண் கல் மாதிரி இறுகி, பார்வை இறங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. நர்ஸ் திட்டுவார் என்று பார்க்காமல் உடனே எழுப்புங்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது

தைராய்டு கண்ணுக்கு என்று போனால் விழி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளப்பார்கள், இமை பார்ப்பார்கள், பார்வை பார்ப்பார்கள். “ட்ராப்ஸ் போட்டு ரெட்டினாவைப் பார்த்தீர்களா?” என்று நீங்களாகவே கேளுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை, ஸ்டீராய்டு தொடங்கும் முன், பார்வையில் மாற்றம் வந்தால் மறுபடி. சுகர் உள்ளவர்களுக்கு இது பேரம் பேசக்கூடாத விஷயம். கண்குழிக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தால், சுகரால் ரெட்டினா ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். பாதித்த ரெட்டினாவுக்குக் கதிர்வீச்சு ஆகாது.

சொட்டு மருந்து போடும்முன், “எனக்குத் தைராய்டு அதிகம், படபடப்பு இருக்கிறது, பிரஷர் இருக்கிறது” என்று போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துகளில் ஃபீனைல்எஃப்ரின் கலந்த வகை துடிப்பையும் பிரஷரையும் ஏற்றலாம். அது இல்லாத வகையும் உண்டு, மாற்றிப் போடுவோம். போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் நாலைந்து மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கும், வெயில் கூசும். மே மாதத்து மத்தியானம் வள்ளுவர் கோட்டத்துச் சிக்னலில் விரிந்த பாப்பாவோடு நிற்பது தண்டனை. கூலிங் கிளாஸ் எடுத்து வாருங்கள், ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், ஆட்டோவோ மெட்ரோவோ போதும்.

கண் பிரஷர் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தைராய்டு கண்ணில் கீழ்த்தசை இறுகியிருந்தால், மேலே பார்க்கும்போது அது விழியை அமுக்கி அளவைக் கூட்டிக் காட்டும். இமையை நாங்கள் விரலால் அழுத்திப் பிடித்தாலும் கூடும். நேராகப் பார்க்கும்போது எவ்வளவு, மேலே பார்க்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் எழுதச் சொல்லிக் கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்படியே இன்னொன்று: சிரசாசனம் போடுகிறவர்கள் நிறுத்துங்கள். தலைகீழாக நிற்கும்போது கண் பிரஷர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மெரினாவில் நடைப்பயிற்சிக்குத் தடையில்லை.

சந்தேகம் இருந்தால் ஓ.சி.டி. எடுப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, மேக்குலாவில் நீர் இருக்கிறதா என்று சொல்லிவிடும். ரத்தக்குழாயைப் பார்க்கக் கண் ஆஞ்சியோ எடுக்கலாம். கையில் ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றிப் படமெடுப்பது. தைராய்டு நோயாளிகள் பலர், ‘அயோடின் சாயம் எனக்கு ஆகாதே’ என்று பயந்து இதை மறுக்கிறார்கள். ஃப்ளூரசினில் அயோடின் கிடையாது. ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தில்தான் அயோடைடு உண்டு, சி.டி. ஸ்கேனுக்குப் போடும் சாயத்திலும் அயோடின் உண்டு, இந்த இரண்டையும் எடுக்கும்முன் தைராய்டு டாக்டரிடம் கேளுங்கள். ஆஞ்சியோவுக்குப் பிறகு தோல் மஞ்சளாகும், மறுநாள்வரை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மஞ்சள் காமாலை வந்துவிட்டது என்று கீழாநெல்லி தேடிப் போகாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

தைராய்டு டாக்டர் ஒரு இடம், கண் டாக்டர் வேறு இடம், சுகர் பார்ப்பது தெருமுனை லேப். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லிருந்து நோயாளிகளைப் பார்த்து வருகிறது, நம் ஊரில் கண்ணுக்குப் போக இடத்துக்குக் குறைவில்லை. குறைவது எல்லாத் தகவலும் ஒரே கையில் இருப்பதுதான். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, பிரஷர், சுகர், நாடி, டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு), ஸ்டீராய்டு எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுங்கள். பரவலாகக் கொடுக்கும் முறையில் மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வாரம் 500 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம், அப்புறம் 250 வீதம் ஆறு வாரம் போகும். வழியில் ஆஸ்பத்திரி மாறினால் மொத்தம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல உங்கள் நோட்டைத் தவிர ஆளில்லை. ட்ரிப் போட்ட அன்றும் மறுநாளும் சுகரை வீட்டிலேயே குத்திப் பாருங்கள், சுகரே இல்லாதவர்களும்தான். தைராய்டு கண்ணுக்கென்று 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் ஊசியும் சுகரை ஏற்றக்கூடியது.

நாடியை மணிக்கட்டில் ஒரு முழு நிமிஷம் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூறுக்கு மேல் போனாலோ, விட்டு விட்டு ஒழுங்கில்லாமல் அடித்தாலோ ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் நியோமெர்கசோல் மாத்திரையை ‘இப்போது நன்றாக இருக்கிறேன்’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தால் பிரஷருக்கும் நல்லது, காலை வீக்கத்துக்கும் நல்லது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். சிகரெட் மட்டும் குறைப்பதில் சேராது, விட வேண்டும். தைராய்டு கண்ணை வரவழைப்பதிலும், மோசமாக்குவதிலும், மருந்து வேலை செய்யாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ரத்தக்குழாயைக் கெடுப்பது போக இவ்வளவும். வீட்டுக்காரர் ஹாலில் பிடித்தால் அவரையும் கீழே அனுப்புங்கள்.

அடைப்பு என்று சொல்லிவிட்டால்

மேக்குலாவில் நீர் இருந்தால் கண்ணுக்குள் ஊசி. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று வகைகள் உண்டு, விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, எது ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்குள் ஊசியா என்று எல்லாரும் நடுங்குகிறார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள், பெரும்பாலோர் எழுந்ததும் “அவ்வளவுதானா?” என்பார்கள். ஒரு ஊசியோடு முடிவது அபூர்வம், மாதாமாதம் சில தடவை வர வேண்டியிருக்கும் என்பதை வேலையிடத்தில் முன்பே சொல்லி வையுங்கள். போட்ட இடத்தில் சிவப்புத் திட்டு வந்தால் தானே போய்விடும். அடுத்த சில நாட்களில் வலி கூடி, பார்வை குறைந்தால் மட்டும் உடனே ஓடுங்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு வில்லையைக் கண்ணுக்குள் வைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. உங்களுக்கு முன்பே ஸ்டீராய்டால் கண் பிரஷர் ஏறிய சரித்திரம் இருந்தால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். கண்குழி வீக்கம் இன்னும் தீவிரமாக இருந்தால் ரெட்டினாவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் போதாது. பின்பக்க நெருக்கத்தையும் குறைக்க வேண்டும். ரெட்டினா டாக்டரும் கண்குழி டாக்டரும் சேர்ந்து பேசினார்களா என்று கேட்டு, இருவர் சீட்டையும் தைராய்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பிரதான சிரை அடைத்தவர்கள் முதல் சில மாதங்கள், முக்கியமாக மூன்றாவது மாதம்வரை, சொன்ன தேதியைத் தவறவிடக்கூடாது. ரத்தம் கிடைக்காத ரெட்டினா புதிதாகக் கெட்ட ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும், அவை கண்ணின் முன்பக்க வடிகாலை அடைத்து, வலியோடு கூடிய கடுமையான கண் பிரஷரைக் கொண்டுவரும். அதைப் பிடிக்க, பாப்பாவை விரிப்பதற்கு முன்பே, கண் கோணத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கோனியோஸ்கோப்பி என்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரிசையில் யாராவது “கண்ணை மேலே பாருங்க” என்று சொட்டு மருந்தோடு வந்தால் ஒரு கையைத் தூக்கி, “எனக்கு முதலில் கோனியோ பார்க்கணும்னு சொன்னாங்க” என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் எங்களுக்கு அது விட்டுப்போகலாம்.